மாணிக்கமா, கண்ணாடியா? இருவர் சொன்னதும் சரிதான்

கேள்வி: மூன்று வருடமாக வண்ணக் கற்கள் சேர்த்து வருகிறேன். தொழில் இல்லை, பொழுதுபோக்குதான். கையில் பத்தொன்பது கற்கள் இருக்கின்றன. சமீபத்தில் ஐந்தரை கேரட் மாணிக்கம் ஒன்று, நான் நினைத்ததைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. ‘இயற்கை மாணிக்கம்’ என்று ஒரு சான்றிதழ் அட்டையும் கூடவே வந்தது. நகை வேலை செய்யும் ஒருவர் லென்ஸில் பார்த்துவிட்டு ‘கண்ணாடி’ என்றார். இன்னொருவர் ஒரு கருவியில் வைத்துப் பார்த்து ‘மாணிக்கம்தான்’ என்றார். யாரை நம்புவது? இதை மனைவிக்கு மோதிரமாகக் கட்டித் தரலாமா? எட்டுக்கு ஆறு மில்லிமீட்டரில் டான்சனைட் ஒன்றும் இருக்கிறது, அதையும் மோதிரமாக்க ஆசை. அப்புறம், என்னிடம் உள்ள கற்கள் மொத்தம் என்ன பெறும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பதில்:

ஐந்தரை கேரட் மாணிக்கம் மலிவாகக் கிடைத்தது என்று நீங்கள் எழுதிய இடத்திலேயே எனக்குப் பாதி விடை தெரிந்துவிட்டது. மீதியை அந்த இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். இருவருமே தப்பாகச் சொல்லவில்லை. கல்லைக் கையில் வாங்கிப் பார்க்காமல் முடிவாகச் சொல்லக்கூடாதுதான். ஆனாலும் சொல்கிறேன், அது பெரும்பாலும் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கமாக இருக்கும்.

2004 வாக்கில் இந்தக் கற்கள் சந்தைக்கு வர ஆரம்பித்தன. மாணிக்கமும் நீலக்கல்லும் குருந்தம் என்ற ஒரே கனிமத்தின் இரண்டு நிறங்கள். அந்தக் குருந்தத்தில் பட்டை தீட்டவே லாயக்கில்லாத, உள்ளெல்லாம் விரிசல் ஓடி மங்கிக் கிடக்கிற மட்டரகக் கற்கள் ஏராளம். அவற்றை அமிலத்தில் சுத்தம் செய்து, ஈயம் அதிகம் கலந்த கண்ணாடிப் பொடியோடு சேர்த்துச் சூளையில் வைப்பார்கள். கண்ணாடி உருகி விரிசலுக்குள் புகுந்துகொள்ளும். ஈயக் கண்ணாடி ஒளியை வளைக்கிற அளவும் மாணிக்கம் வளைக்கிற அளவும் ஏறக்குறைய ஒன்று. அதனால் விரிசல் இருந்த இடமே கண்ணுக்குத் தெரியாது. கூழாங்கல் மாதிரி கிடந்தது பளிச்சென்று சிவந்து நிற்கும்.

இரண்டாமவர் வைத்துப் பார்த்தது, கல் ஒளியை வளைக்கிற அளவைக் காட்டும் ஒளிவிலகல்மானியாக இருக்க வேண்டும். கல்லின் ஒரு பட்டையை அதன் மேல் வைத்தால் 1.76 – 1.77 என்று காட்டும், அது மாணிக்கத்தின் எண்தான். முதலாமவர் லென்ஸ் வழியாகக் கல்லுக்குள்ளே பார்த்தார், அவர் கண்ணில் கண்ணாடி பட்டது. நீங்களும் பார்க்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் (சின்னக் கைலென்ஸ்) ஒன்றும் ஒரு சின்ன டார்ச்சும் போதும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் கொடுத்து, கல்லை மெதுவாகச் சாய்த்துக்கொண்டே பாருங்கள். ஒரு குறிப்பிட்ட சாய்வில் உள்ளே நீலமோ ஊதாவோ மின்னி மறைந்தால், அது நிரப்பிய விரிசல். தட்டையான, வட்டமான காற்றுக் குமிழிகளும் இருக்கும். விரிசல் மேற்பரப்பைத் தொடும் இடத்தில் மெல்லிய கோடாகப் பளபளப்பு குறைந்திருக்கும், ஏனென்றால் கண்ணாடி மாணிக்கத்தைவிட மிகவும் மென்மையானது.

மோதிர விஷயத்துக்கு வருகிறேன். வேண்டாம். இந்தக் கற்கள் புழக்கத்துக்கு வந்த புதிதில் நான் பட்ட அனுபவம் ஒன்று உண்டு. ஒரு மோதிரத்தின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்கித் தரச் சொல்லி ஒருவர் கொண்டுவந்தார். மாணிக்கம் சூடு தாங்கும் கல், குருந்தம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தத் தெம்பில் கல்லைக் கழற்றாமலே வளையத்தில் நெருப்பு காட்டிப் பற்றாசு வைத்து ஒட்டி, வழக்கம்போல அமிலத் தண்ணீரில் போட்டேன். எடுத்துப் பார்த்தால் கல் முழுக்கச் சிலந்தி வலை பின்னியது மாதிரி வெள்ளைக் கோடுகள். கண்ணாடியை அமிலம் அரித்துவிட்டிருந்தது. லூப் பக்கத்திலேயே இருந்தது, ஒரு நிமிடம் எடுத்துப் பார்த்திருந்தால் தப்பித்திருப்பேன். அன்றிலிருந்து, எந்தக் கல் வந்தாலும் முதலில் லூப், அப்புறம்தான் நெருப்பு. பட்டறை அமிலம்தான் என்றில்லை, எலுமிச்சைச் சாறே இந்தக் கண்ணாடியை அரிக்கும். தினமும் தண்ணீரிலும் துலக்கும் பொடியிலும் புழங்கும் விரலுக்கு இது தாங்காது. கட்டுக்கூலியும் தங்கமும் கல்லின் மதிப்பைப் பல மடங்கு தாண்டிவிடும் என்பது இன்னொரு பக்கம். விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்வார் என்றால் உடனே கொடுத்துவிடுங்கள். மறுத்தால் கல்லைத் தூர எறியாதீர்கள், லூப் பழக இதைவிட நல்ல பாடக் கல் கிடையாது.

அந்தச் சான்றிதழ் பொய்யா என்றால், அதுவும் பொய் இல்லை, அதுதான் வேடிக்கை. ‘இயற்கை’ என்ற சொல்லுக்கு இந்தத் தொழிலில் ஒரே அர்த்தம்தான்: அந்தப் படிகம் மண்ணுக்குள் வளர்ந்தது. அதற்குப் பிறகு அதை என்ன செய்தார்கள் என்பதை அந்தச் சொல் சொல்லாது. சும்மா சூடு காட்டி நிறத்தைத் தெளிவாக்கியது, சூடு காட்டும்போதே பெரிலியம் என்ற தனிமத்தை ஊடுருவவிட்டு நிறத்தையே மாற்றியது, கண்ணாடி நிரப்பியது, எதையும் தொடாமல் விட்டது, எல்லாமே ‘இயற்கை’தான். ஆனால் இவற்றுக்குள் விலை மலைக்கும் மடுவுக்குமாக விலகி நிற்கும். சூடு காட்டுவதை மட்டும் தொழிலில் யாரும் குறையாக நினைப்பதில்லை, சந்தையில் உள்ள மாணிக்கம், நீலக்கற்களில் பெரும்பாலானவை சூடு கண்டவைதான். ஆகவே அறிக்கையில் கல்லின் பெயரைத் தாண்டி ‘குறிப்புகள்’ என்ற வரிக்குப் போங்கள். சூட்டின் அறிகுறி உண்டா இல்லையா, நிரப்புப் பொருள் உண்டா, மரகதமாக இருந்தால் எண்ணெயோ பிசினோ எந்த அளவு என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அந்த வரியே இல்லாத அட்டை வெறும் அட்டைதான். ஜிஐஏ, எஸ்எஸ்இஎஃப், கியூபெலின் மாதிரி ஆய்வகங்கள் மாணிக்கத்துக்குத் தரும் அறிக்கையில் இது தவறாமல் இருக்கும். உங்கள் கல் மாதிரியானவற்றை ஜிஐஏ வெறும் மாணிக்கம் என்று எழுதி விட்டுவிடாது. கண்ணாடி மிக அதிகமாக இருந்தால், மாணிக்கமும் ஈயக் கண்ணாடியும் சேர்ந்த தயாரிப்பு என்றுதான் குறிக்கும். அறிக்கை எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டு, எடையையும் மில்லிமீட்டர் அளவுகளையும் கையில் உள்ள கல்லோடு ஒத்துப்பாருங்கள். நல்ல அறிக்கையோடு வேறு கல்லை ஜோடி சேர்ப்பது ஒன்றும் புதிதல்ல.

‘புறா ரத்தம்’, ‘ராயல் ப்ளூ’ என்ற பெயர்களுக்கு மயங்கிக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். எந்தச் சிவப்பைப் புறா ரத்தம் என்று அழைப்பது என்பதில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபாடு இருந்தது. எஸ்எஸ்இஎஃப்பும் கியூபெலினும் 2015-இல்தான் தங்களுக்குள் ஒரு பொது அளவுகோலுக்கு வந்தார்கள். விற்பவர் வாயில் வரும்போது அது வெறும் வர்ணனை.

இனி வாங்கும்போது என்ன பார்ப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மதிப்புக் கேள்விக்கு விடை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் வெளிச்சம். மஞ்சள் விளக்கின் கீழ் எந்த மாணிக்கமும் அழகி. குளிர்ந்த வெள்ளை விளக்கின் கீழ் எந்த நீலமும் ராணி. கல்லைச் சன்னல் பக்கம் கொண்டுபோய், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில், வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். அப்புறம் விரலிடுக்கில் வைத்துப் பாருங்கள், அணியும்போது அது தோலின் மேல்தானே இருக்கப்போகிறது. மூன்று வெளிச்சத்திலும் தாக்குப்பிடிக்கிற நிறம்தான் நிறம். வண்ணக் கல்லின் விலையில் பெரும்பகுதி நிறத்துக்குத்தான். மிகவும் அடர்ந்து கறுத்த நீலத்தைவிட, வெளிச்சத்தை உள்ளே விட்டுத் திருப்பித் தரும் நடுத்தர அடர்த்தி மேல்.

அடுத்தது பட்டை. கல்லை முகம் மேலே இருக்கும்படி அச்செழுத்தின் மேல் வையுங்கள். நடுவில் எழுத்து தெளிவாகத் தெரிந்தால் அங்கே ஒளி திரும்பாமல் கீழே ஒழுகிப்போகிறது என்று அர்த்தம். ‘ஜன்னல்’ என்போம். நிறம் அந்த இடத்தில் வெளுத்து நிற்கும். இதற்கு நேரெதிரானது தொப்பை. எடை குறையக்கூடாது என்று அடிப்பாகத்தைப் பானை மாதிரி விட்டுவைப்பார்கள். மேலிருந்து பார்த்தால் ஒன்றரை கேரட் போலத் தெரியும், தராசில் இரண்டரை நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு கேரட்டுக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். மோதிரத்தில் கட்டினால் விரலில் இடிக்கும் என்பதால் கட்டுபவரும் திட்டுவார்.

உள்ளே தெரியும் மாசுகளைக் கல்லுக்குக் கல் வேறு மாதிரி பார்க்கவேண்டும். அக்வாமரின், டான்சனைட் இரண்டும் இயல்பாகவே சுத்தமாக வளரும், அவற்றில் கண்ணுக்குத் தெரியும் மாசு இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். மரகதத்தில் மாசு இல்லாவிட்டால்தான் பயப்படவேண்டும். துடைத்து வைத்த மாதிரி தெளிந்த பெரிய மரகதம் குறைந்த விலைக்கு வந்தால் அது ஆய்வகத்தில் வளர்ந்ததாகவோ கண்ணாடியாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். மாணிக்கத்திலும் அப்படித்தான். 1902-இல் வெர்னூய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் தீச்சுடரில் மாணிக்கம் செய்யும் முறையை அறிவித்தார். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் பாட்டி காலத்து நகையில்கூட அந்தக் கல் இருக்கலாம். லூப்பில் வளைந்து ஓடும் வளர்ச்சிக் கோடுகள் தெரிந்தால் அது வெர்னூய் கல். மண்ணில் வளர்ந்த குருந்தத்தில் அந்தக் கோடுகள் நேராகவும் கோணத்தோடும்தான் ஓடும்.

பொழுதுபோக்காகச் சேர்ப்பவருக்கு என் விருப்பப் பரிந்துரை ஸ்பினலும் கார்னெட்டும். கார்னெட்டை யாரும் பெரும்பாலும் சூடு காட்டுவதில்லை, ஸ்பினலையும் அதிகம் தொடுவதில்லை. எனவே ‘இதை என்ன செய்தார்கள்’ என்ற தலைவலி பாதிக்கு மேல் குறையும். ஸ்பினலுக்கு இன்னொரு சுவையும் உண்டு. பிரிட்டிஷ் அரச கிரீடத்தின் முன்பக்கத்தில் இருக்கும் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ மாணிக்கமே இல்லை, சிவப்பு ஸ்பினல். ராஜாக்களே ஏமாந்திருக்கிறார்கள், நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் பத்தொன்பது கற்களையும் நீங்களே ஓரளவு சோதித்துவிட முடியும். 0.01 கேரட் வரை காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்குங்கள். ஐந்து கேரட் ஒரு கிராம். (தங்கத்துக்குச் சொல்லும் கேரட் சுத்தத்தின் கணக்கு, கல்லுக்குச் சொல்வது எடை. நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் குழம்பிக்கொள்பவர்கள் நிறைய.) கல்லின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எடை குறைந்த பிளாஸ்டிக் குவளையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண், கல் இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. கல்லின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது கல் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, கிடைக்கும். குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும். ஒரு கேரட்டுக்குக் கீழே உள்ள கல்லுக்கு இந்த முறை நம்பகமில்லை.

உதாரணமாக, அக்வாமரின் என்று வாங்கிய வெளிர்நீலக் கல் ஒன்று 3.20 கேரட் இருக்கிறது, தண்ணீரில் 0.91 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 3.52. அக்வாமரின் 2.7-ஐ ஒட்டி இருக்கவேண்டும், 3.5 என்பது டோபாஸ். நிறமில்லாத டோபாஸைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி நீலமாக்குவது வெகு சாதாரணம், விலையும் அக்வாமரினைவிட மிகக் குறைவு. மற்ற கற்களின் ஒப்படர்த்தி: குருந்தம் 4.00, ஸ்பினல் 3.60, மரகதம் 2.72, குவார்ட்ஸ் 2.65. ஆனால் ஒன்று: ஆய்வகத்தில் வளர்ந்த மாணிக்கமும் 4.00-தான் காட்டும், உங்கள் கண்ணாடி நிரப்பிய கல்லும் அதை ஒட்டியே வரலாம். தராசு கல்லின் இனத்தைச் சொல்லும். அதன் பிறப்பையும் வைத்தியத்தையும் லூப்பிடம்தான் கேட்கவேண்டும்.

இந்தப் பொறுமைக்குப் பலன் இருக்குமா என்று சந்தேகம் வந்தால் டாஃபி பிரபுவை நினைத்துக்கொள்ளுங்கள். அவரும் ரத்தினவியல் படித்தவர்தான். 1945-இல் டப்ளினில் ஒரு நகைக்கடைக்காரரின் பழைய கற்பெட்டியைக் கிளறி வாங்கியவற்றில் இளம் ஊதாக் கல் ஒன்று இருந்தது. எல்லா விதத்திலும் ஸ்பினல் மாதிரி இருந்தது. ஆனால் உருப்பெருக்கியில் பார்த்தால் பின்பக்கப் பட்டைகளின் விளிம்பு லேசாக இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஸ்பினலில் அப்படித் தெரியவே கூடாது. லண்டன் ஆய்வகத்துக்கு அனுப்பினார். அது அதுவரை யாருக்கும் தெரியாத புதுக் கனிமம். டாஃபைட் என்று அவர் பெயரே அதற்கு வைக்கப்பட்டது.

சரி, மதிப்புக் கணக்கு. ‘மொத்தம் என்ன பெறும்’ என்ற கேள்விக்கு ஒரே எண் கிடையாது. கடையில் அதே கல்லைத் திரும்ப வாங்க ஆகும் தொகை ஒன்று, காப்பீட்டுக்கு அதுதான் எழுதுவார்கள். ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரிக்குக் கொடுக்கும் விலை ஒன்று. நாளைக்கே பணம் வேண்டும் என்று நீங்கள் கொண்டுபோய் நின்றால் கையில் வரும் தொகை ஒன்று. மூன்றாவது எண் முதல் எண்ணில் பாதிகூட வராமல் போகலாம், அதைக் கேட்டு ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்கவேண்டாம். சில்லறை விலைக்கு வாங்கி மொத்த விலைக்கு விற்கும் இடத்தில் நிற்கிறோம், அவ்வளவுதான். இதை முதலீடு என்று யாராவது சொல்லி விற்றிருந்தால் மறந்துவிடுங்கள்.

கேரட் விலை எடையோடு நேர்கோட்டில் ஏறாது என்பதையும் கணக்கில் வையுங்கள். ஒரே தரத்தில் இரண்டு கேரட் கல் ஒன்று, ஒரு கேரட் கல் இரண்டைவிட விலை கூடுதல், பெரிய நல்ல கல் அரிது என்பதால். மாணிக்கத்தில் இந்தத் தாவல் பெரியது. சிட்ரின், அமெதிஸ்ட், நீல டோபாஸ் போன்றவை பெரிதாகவும் தாராளமாகக் கிடைப்பதால் அவற்றில் தாவல் சொற்பம்.

பத்தொன்பதையும் மதிப்பிடச் செலவு செய்யாதீர்கள். உங்கள் தராசுச் சோதனையில் தேறியவற்றில், வாங்கிய விலை உங்களுக்கு வலித்த மூன்று நான்கை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அறிக்கை வந்த பிறகு மதிப்பீட்டாளரிடம் போங்கள். ஆய்வகம் இது என்ன கல் என்றுதான் சொல்லும், விலை சொல்லாது. மதிப்பீட்டாளர் கல்லுக்கு இவ்வளவு என்றோ மணிக்கு இவ்வளவு என்றோ கட்டணம் வாங்குபவராக இருக்கட்டும். மதிப்பில் சதவீதம் கேட்பவர் எண்ணை ஏற்றிச் சொல்வார், அதே கல்லை வாங்கிக்கொள்கிறேன் என்பவர் இறக்கிச் சொல்வார்.

கடைசியாக டான்சனைட். 1967-இல் டான்சானியாவின் மெரெலானி மலைப்பகுதியில் கிடைத்த கல், இன்றுவரை வணிக அளவில் வேறெங்கும் கிடைப்பதில்லை. பழுப்பாக வருவதைச் சூடு காட்டி நீலமாக்குகிறார்கள், ஆகவே சூடு பற்றிக் கவலை வேண்டாம். கவலை அதன் உடம்பைப் பற்றித்தான். கீறலைத் தாங்கும் திறனைச் சொல்லும் மோஸ் அளவில் அதன் கடினம் 6 முதல் 7. சாதாரணத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் துகளின் கடினம் 7. தினமும் அணிகிற மோதிரத்தில் வைத்து, ஒவ்வொரு முறையும் துணியால் அழுத்தித் துடைத்தாலே சில வருடத்தில் பட்டை முனைகள் மழுங்கிவிடும். அதோடு ஒரு திசையில் சுலபமாகப் பிளக்கும் குணமும் உண்டு, திடீர்ச் சூடு குளிரும் ஆகாது. பதக்கமாகக் கட்டுங்கள் என்பேன். கழுத்தில் இருப்பது எதிலும் மோதாது, எட்டுக்கு ஆறு என்பது வழக்கமான அளவு என்பதால் தயார்க் கூடும் கிடைக்கும். மோதிரம்தான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் என்றால், விசேஷ நாளுக்கு மட்டும் அணிவது என்று பேசிக்கொண்டு, கல்லைச் சுற்றி விளிம்பு மடங்கும் பெசல் கட்டு போடச் சொல்லுங்கள். கால்களால் பிடிக்கும் கட்டு வேண்டுமென்றால் கால்கள் பதினெட்டு கேரட் தங்கத்தில் இருக்கட்டும், இருபத்திரண்டு அதற்கு ரொம்ப மென்மை. அடி மூடிய கட்டு வேண்டாம், வெளிச்சம் அடைபட்டு டான்சனைட் கறுத்துப்போகும். பற்றவைப்பு, மெருகு எல்லாம் முடிந்த பிறகே கல்லை உட்காரவைக்க வேண்டும், அதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசானிக் தொட்டியில் போடவே கூடாது என்று வேலை கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். நல்ல கைக்காரர் இதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ள மாட்டார், ‘தெரியும்’ என்று சிரிப்பார்.

கொடுப்பதற்கு முன் எடையையும் நீள அகல உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டிய பிறகு கல்லை மட்டும் எடைபோட முடியாது. லூப் வழியாகக் கைபேசியில் இரண்டு படமும் எடுத்து வையுங்கள். டான்சனைட் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், எங்காவது ஒரு புள்ளியோ ஊசி போன்ற கீற்றோ அகப்படும். அந்த இடத்தைப் படத்தில் குறித்து வைத்துக்கொண்டு, கட்டி வந்ததும் முதல் வேலையாக அதைத் தேடுங்கள்.